டீச்சராக இருந்த அம்மாவின் வாழ்க்கையை எழுதிவைப்பது எப்படி?

நம் வீடுகளில் அம்மாவைப் பற்றி எழுத உட்காருவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். சதாபிஷேகத்துக்கு ஒரு மலர் போடலாம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்ளும்போது, இல்லையென்றால் அவர் போன பிறகு பேப்பரில் அஞ்சலி விளம்பரம் கொடுக்கும்போது. இரண்டு தடவையும் அவசரம். அவசரத்தில் கைக்கு வருவது "அன்பே உருவானவர், குடும்பத்தின் குலவிளக்கு, பொறுமையின் சிகரம்" என்கிற வரிகள். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பெயரை மாற்றினால் எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்திவிடும். முப்பது, முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நின்று பாடமும் நடத்தி, வந்து வீட்டையும் நடத்திய ஒரு பெண்ணுக்கு இது போதவே போதாது. அவர் இருக்கும்போதே, நினைவு தெளிவாக இருக்கும்போதே, நிதானமாக எழுதிவைக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்காக அதைச் செய்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். அம்மா வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் அம்மா அரசு உதவி பெறும் பள்ளியிலோ மெட்ரிகுலேஷன் பள்ளியிலோ இருந்திருக்கலாம். சில காகிதங்கள் மாறும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அவர் பார்த்த வேலையை வேலையாக எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அம்மா, அம்மாவாக மட்டும்தான் தெரிவார். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்திருப்போம், சாயங்காலம் திரும்பி வருவதைப் பார்த்திருப்போம். நடுவில் அவர் என்ன செய்தார், எந்தப் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர், இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பயந்தாரா, எந்த ஹெச்.எம்.மோடு ஒத்துப்போகவில்லை, இதெல்லாம் பெற்ற பிள்ளைக்குத் தெரியாது, நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பையனுக்குத் தெரியும். அந்தப் பாதியைச் சேர்க்காமல் எழுதினால் அது நம்முடைய கதையாகிவிடும், அவருடையதாக இருக்காது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பேச்சில் ஆரம்பிக்காதீர்கள், பீரோவில் ஆரம்பியுங்கள். டீச்சர்கள் காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பயிற்சிச் சான்றிதழ், முதல் நியமன ஆணை, மாறுதல் ஆணைகள், ஜி.பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதியின் கணக்குச் சீட்டு, பென்ஷன் புத்தகம் எல்லாம் ஒரு ரெக்ஸின் பையில் இருக்கும். அதில் நீங்கள் முக்கியமாகத் தேட வேண்டியது எஸ்.ஆர். என்று அவர்கள் சொல்லும் பணிப் பதிவேட்டின் நகல். அசல் அலுவலகத்தில் இருக்கும், ஆனால் ஓய்வு பெறும் சமயத்தில் பலர் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பார்கள். என்றைக்கு வேலையில் சேர்ந்தார், எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்கு மாறினார், எப்போது பதவி உயர்வு, எந்த வருஷம் எவ்வளவு சம்பளம், எல்லாம் தேதிவாரியாக இருக்கும்.

அதில் விடுப்புக் கணக்கு என்று ஒரு பகுதி வரும், அதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் அம்மாவின் விடுப்புக் கணக்கில் பிள்ளைகள் பிறந்ததற்கான மகப்பேறு விடுப்புகள் வரிசையாக இருந்தன, அதற்கப்புறம் ஓர் இடத்தில் சம்பளமில்லா விடுப்பு என்று மாதக்கணக்கில் ஒன்று. என்னம்மா இது என்று கேட்டேன். அப்பாவின் அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம் அது. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும், அது அம்மாதான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருக்கிறது. அந்த விடுப்பினால் இன்கிரிமென்ட் தேதி தள்ளிப்போயிருக்கிறது, அடுத்த வரியிலேயே தலைமையாசிரியர் கையெழுத்தோடு அதுவும் பதிவாகியிருக்கிறது. வீட்டில் எங்கள் ஒருவருக்கும் இது தெரியாது. பத்துப் பக்கம் தியாகம், தியாகம் என்று எழுதினாலும் அந்த இரண்டு வரி சொல்வதைச் சொல்லிவிட முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு இப்போது மகப்பேறு விடுப்பு 12 மாதம். அது 2021இல் வந்தது. 2011க்கு முன்னால் மூன்று மாதம்தான். மூன்று மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார், இடைவேளையில் பால் கொடுக்க ஓடி வந்தாரா, பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாரா என்று தனியாகக் கேளுங்கள்.

கிடைத்த காகிதங்களை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முடிச்சூர் பக்கமும் எத்தனையோ வீடுகளில் ஆல்பமும் சான்றிதழும் சேறாகிப் போயின. காகிதத்துக்குப் போனில் உள்ள ஸ்கேன் ஆப் போதும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டும் கடையில் கொடுத்து 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுக்க வேண்டாம், ஆல்பம் பக்கத்தோடு அப்படியே எடுக்கலாம். வகுப்பு குரூப் போட்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் தெரிந்த முகங்களை அம்மாவை விட்டே சொல்லச் சொல்லி, வரிசைப்படி பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும், அதனால் தனித்தாள்தான் நல்லது.

இதற்கப்புறம்தான் பேச்சு. போனில் ரெக்கார்டரைப் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டு, அவர் கை ஏதாவது வேலையில் இருக்கும்போது பேசுங்கள். கீரை ஆய்ந்துகொண்டோ பூ கட்டிக்கொண்டோ இருக்கும்போது வரும் பேச்சு, சோபாவில் எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வராது. ரெக்கார்ட் செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், வயதானவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், அதிலும் டீச்சர்களுக்குத் தொண்டை ஏற்கெனவே தேய்ந்துபோன ஒன்று. பேசி முடித்ததும் கோப்புக்குத் தேதியும் விஷயமும் போட்டுப் பெயர் வைத்து, குடும்பத்தில் இன்னொருவர் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் "என்னத்தைச் சொல்ல, போனேன், வந்தேன்" என்றுதான் பதில் வரும். சின்னதாகக் கேளுங்கள். முதல் நாள் எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள்? போர்டுக்குக் கறுப்பு ஏற்ற ஊமத்தை இலையையும் கரியையும் அரைத்துத் தேய்த்தது யார்? நோட்ஸ் ஆஃப் லெசன் என்கிற பாடக்குறிப்பை எப்போது எழுதினீர்கள், ராத்திரியா, ரயிலிலா? ஒரு பையனுக்கு எழுத்தே ஏறவில்லை என்றால் என்ன செய்தீர்கள்? அடித்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள், நேராகப் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் புத்தகத்தில் இருக்க வேண்டும். எங்கள் அம்மாவிடம் எழுத்து ஏறாத பையனைப் பற்றிக் கேட்டபோது, பேச்சை நிறுத்திவிட்டு என் உள்ளங்கையைப் பிடித்து, தன் ஆள்காட்டி விரலால் அதில் "ழ" எழுதிக் காட்டினார். போர்டைப் பார்த்து எழுத வராத பிள்ளைகளுக்கு இப்படித்தான் கையில் எழுதுவேன், கண்ணை மூடிக்கோன்னு சொல்லிட்டு எழுதுவேன், அப்ப பிடிச்சுப்பாங்க என்றார். வேலை பார்த்த விதம் என்பது இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

வகுப்புக்கு வெளியே டீச்சர்கள் செய்த வேலைகளையும் விடாமல் கேளுங்கள், பல வீடுகளில் இது பேச்சிலேயே வராது. தேர்தல் டியூட்டி என்று முன்தினமே ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் தங்கியிருப்பார்கள், கழிப்பறை கூட இல்லாத இடமாக இருக்கும். 1971, 1981, 1991, 2001 என்று பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வெயிலில் வீடு வீடாகப் போயிருப்பார்கள். லீவில் பப்ளிக் பேப்பர் திருத்தும் முகாம். பள்ளியில் சேராத பிள்ளைகளைத் தேடித் தெருத் தெருவாகப் போனது. பசியோடு வரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். இந்த ஊரில் அதற்கு நீண்ட கதை உண்டு. 1920இலேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டிருக்கிறார்கள், 1956இல் காமராஜர் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. அம்மாவின் காலத்தில் சோறு வந்த பிறகு வகுப்பில் தலை எண்ணிக்கை மாறியதா, அந்தச் சாப்பாட்டை அவரும் ருசி பார்த்தாரா என்று கேட்டால், நாம் பொது அறிவாகப் படித்தது அவர் வாயில் வேறு மாதிரி வரும்.

வருஷம் கேட்டால் குழம்புவார்கள். அதற்கு ஊரில் நடந்ததை வைத்து மடக்குங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. சென்னையில் டி.வி. நிலையம் வந்தது 1975. மூர் மார்க்கெட் எரிந்தது 1985. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. "மூர் மார்க்கெட் எரிஞ்சப்ப நீங்க எந்த ஸ்கூல்லம்மா?" என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவார்கள். கல்வித்துறையிலும் இப்படி மைல்கற்கள் உண்டு. 1978இல் பிளஸ் டூ வந்தபோது பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து போய்விட்டது, உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகளாயின, எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்திருந்த டீச்சர்கள் பலர் பி.ஜி. அசிஸ்டென்ட், அதாவது மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர், ஆனார்கள். அதே 1978இல்தான் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையும் வந்தது. அதற்கு முன்னால் ணை, னை, லை, ளை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்போடு எழுதப்பட்டன. அம்மாவின் பழைய கடிதங்களில் தேதி இல்லை என்றால் இதையும் ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் கை பழகியதை விடாமல் ரொம்ப வருஷம் பழைய மாதிரியே எழுதியவர்களும் உண்டு. ஒரே வகுப்பில் நேற்று வரை ஒரு மாதிரி எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டு இன்றைக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுப்பது எப்படி இருந்தது என்று அந்தக் காலத் தமிழ் டீச்சர்களைக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

அவர் படித்த இடத்தையும் தொட்டுக்கொள்ளுங்கள். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியா, கடற்கரைச் சாலையில் உள்ள லேடி வெலிங்டனா? லேடி வெலிங்டன் என்றால் அதன் பின்னால் சகோதரி சுப்புலட்சுமியின் கதை வரும். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, 1911இல் பட்டம் வாங்கி, தன்னைப் போன்ற இளம் விதவைகளைக் கடற்கரைச் சாலையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் விடுதி நடத்தித் தங்கவைத்துப் படிக்கவைத்து டீச்சர்களாக ஆக்கியவர். உங்கள் அம்மாவுக்குப் பாடம் சொன்ன டீச்சருக்கு டீச்சர் யார் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், சில வீடுகளில் அந்த விடுதி வரைக்கும் போய்ச் சேரும்.

இனி வீடு. மனைவியாகவும் அம்மாவாகவும் அவர் என்ன செய்தார் என்பதை எழுத நான் கண்ட ஒரே நல்ல வழி, ஒரு நாளை மணிவாரியாக எழுதுவது. ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள், பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம். காலை எத்தனை மணிக்கு எழுந்தார்? தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, அடிபம்பா, தெருக்குழாயா, மெட்ரோ வாட்டர் லாரியா? பால் யார் வாங்கினார்கள்? ஸ்டவ் கெரசினா, கேஸா? எத்தனை டிபன் பாக்ஸ்? தனக்குக் கட்டிக்கொண்டாரா? புடவைக்குக் கஞ்சி போட்டது எந்தக் கிழமை? எந்த பஸ், எந்த ரயில், நின்றுகொண்டா, உட்கார்ந்தா? சாயங்காலம் வந்ததும் முதலில் அடுப்பா, காபியா? பேப்பர் திருத்தியது எத்தனை மணிக்கு? கடைசியாக விளக்கை அணைத்தது யார்? அதே நாளில் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை. எங்கள் அப்பா காய் நறுக்கிக் கொடுப்பார், பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவார், மாசக் கடைசியில் அம்மாவோடு உட்கார்ந்து மதிப்பெண் கூட்டிச் சரிபார்ப்பார், அந்தக் காலத்து ஆண்களில் அது பெரிய விஷயம். அதையும் எழுத வேண்டும், அவர் செய்யாததையும் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்று படிப்பவருக்குப் புரியும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு வாங்கிய சம்பளத்தை யார் கையில் கொடுத்தார்? தனக்கென்று எவ்வளவு வைத்துக்கொண்டார்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்? ஜி.பி.எஃப். சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எந்தெந்த வருஷம் பணம் எடுத்திருக்கிறார் என்று தெரியும். நாத்தனார் கல்யாணம், வீட்டு மனை, பையனின் இன்ஜினியரிங் ஃபீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். வீடு அப்பா பெயரில் இருக்கும், கடன் அம்மாவின் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். இதை எழுதிவைக்காவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு, தாத்தா கட்டிய வீடு என்று மட்டும்தான் போய்ச் சேரும்.

அம்மா சொல்வது மட்டும் போதாது. கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேரையாவது பிடியுங்கள். ஓய்வு பெற்ற டீச்சர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருப்பார்கள், பென்ஷன் நேர்காணலுக்குப் போகும்போது சந்தித்துக்கொள்வார்கள். மாணவர்களைத் தேடுவது அதைவிடச் சுலபம், பள்ளிக்கூடம் இருந்த தெருவுக்கே போனால் போதும். மளிகைக் கடையில் நிற்பவரோ ஆட்டோ ஓட்டுபவரோ "எங்க டீச்சராச்சே" என்பார்கள். அவர்களிடம் நல்ல டீச்சரா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். டீச்சருக்கு எப்போது கோபம் வரும் என்று கேளுங்கள். அம்மாவுக்கு நல்லாசிரியர் விருது கிடைத்திருந்தால், அந்த வருஷத்து செப்டம்பர் 5ஐ ஒட்டிய நாளிதழ்களை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சில வீடுகளில் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கும். அப்போது கேள்வி கேட்டு வதைக்காதீர்கள். நீங்கள் தப்பாக ஒரு மனப்பாடப் பாட்டையோ வாய்ப்பாட்டையோ சொல்லுங்கள், அவர் திருத்துவார். சாக்பீஸும் சிலேட்டும் கையில் கொடுங்கள். வருகிற வரைக்கும் வரட்டும், மீதியை மற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எழுதும்போது பிறந்த தேதியிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. வகுப்பறையில் தொடங்குங்கள். அவர் பேசிய பேச்சை அவர் பேசியபடியே விடுங்கள், "பிடிச்சுப்பாங்க" என்றால் அப்படியேதான், உரைநடையாக மாற்றினால் ஆள் காணாமல் போய்விடுவார். பாராட்டுச் சொல் எழுதத் தோன்றும் இடத்தில் எல்லாம் ஒரு சம்பவத்தை வைக்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் அந்த வரியே வேண்டாம். மனத்தாங்கல்கள் வரும். மாமியாரோடு பேசாத வருஷங்கள், கிடைக்க வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது, கலைந்துபோன ஒரு கரு. இதில் எது அச்சில் வரலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர் மட்டும்தான், பிள்ளைகள் கிடையாது. எழுதியதை முழுக்க அவருக்குப் படித்துக் காட்டுங்கள், கண் நன்றாக இருந்தால் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஒரு சிவப்புப் பேனாவோடு கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்று அடித்ததை எடுத்துவிட வேண்டும். ரெக்கார்டிங்கில் இருந்தாலும் சரி.

அச்சுக்குத் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் டிஜிட்டல் பிரிண்ட் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஐம்பது பிரதி கூடப் போட்டுத் தருவார்கள். எழுத்து 13 பாயின்டுக்குக் குறைய வேண்டாம், படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். வழவழப்புத் தாளும் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும். குடும்பத்துக்குப் போக, அவர் வேலை பார்த்த பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு அங்கே ஒன்று. முதல் தடவை அதிகம் அடிக்காதீர்கள். படித்தவர்கள் போன் செய்து "அது 74 இல்லப்பா, 75, அப்ப நான் அஞ்சாவது" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள், அதையெல்லாம் ஒரு நோட்டில் பெயரோடும் தேதியோடும் குறித்து வைத்துக்கொண்டு, திருத்திவிட்டு அடுத்த அச்சைப் போடுங்கள்.